அயனம்பாக்கம் ஏரியில் ஆயில் சேம்பரைத் திறந்த நாள்

ஆயில் லைட் எரிந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று போன மாதம் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் நான்கு பிள்ளைகளைக் கேட்டேன். ஒருவன் சென்சாரை மாற்றுவேன் என்றான். இன்னொருவன் ஒயரிங் பார்ப்பேன் என்றான். மூன்றாமவன் லேப்டாப்பைச் செருகுவேன் என்றான். நான்காமவன் கொஞ்சம் யோசித்து, "கஸ்டமருக்கு போன் பண்ணுவேன் சார்" என்றான். அடப்பாவிகளா! எஞ்சினை நிறுத்துவேன் என்று ஒருத்தன் வாயிலும் வரவில்லை.

அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். முப்பத்தாறு வருஷம் டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டியவன் நான், அதெல்லாம் எனக்கு உறைக்காது.

எங்கள் காலத்து ஆட்கள் மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. பாரிவாக்கத்திலிருந்து ஒரு வேன் வரும். ஆயில் லைட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார் டிரைவர். கேட்டால், "எப்பப் பாத்தாலும் எரிஞ்சிகினே கீது, கண்ணு கூசுது மாமே" என்பார். அடுத்த முறை அந்த வேன் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. லைட்டை நம்பாதவனுக்கு என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். லைட்டை நம்பினதற்காக ஒரு மனிதர் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். அதில் எனக்கு என்ன பங்கு என்பதையும் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. அயனம்பாக்கம் ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. மழைக்கு முன்னால், உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் பக்கம் சுத்தம் செய்யாவிட்டால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கரையோர வீடுகளுக்குள் போய்விடும். அதை வாரி எடுக்க ஒரு கான்ட்ராக்டர் இரும்புப் படகு ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருந்தார். தட்டையான படகு. நடுவில் பழைய லாரி எஞ்சின் ஒன்றைப் படுக்கை கட்டி உட்கார வைத்திருந்தார்கள். அந்த எஞ்சினை முழுசாகப் பிரித்து வேலை பார்த்துக் கொடுத்தது எங்கள் பட்டறை. பார்த்தவன் நான்.

படகை ஓட்டியவர் சூசை. ஆவடிக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஞாயிறு காலையில் பூசை முடிந்த பிறகுதான் படகைத் தொடுவார். மற்ற ஆறு நாளும் அந்த எஞ்சினை விட்டு நகர மாட்டார். அதிகம் பேச்சு கிடையாது.

மூன்று நாளாக ஆயில் லைட் எரிகிறது, படகு வேலை செய்யவில்லை என்று கான்ட்ராக்டரிடமிருந்து ஆள் வந்தது. எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "தயாளா, சுச்சு போயிருக்கும். புதுசு ஒண்ணு எடுத்துகினு போய் மாட்டிட்டு சாப்பாட்டுக்கு வந்துடு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு டூல் பாக்ஸை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கரையில் சூசை நின்றிருந்தார். "நைனா, நா இன்னா பண்ணேன் சொல்லு. லைட்டு எரியுது, ஆஃப் பண்றேன். அது ஒரு குத்தமா? வேலை செய்ய ஒடம்பு வணங்காம நடிக்கிறேன்னு சொல்றாரு கான்ட்ராக்டரு" என்றார்.

"நீ பண்ணது கரெக்டு அண்ணாத்தே. சுச்சுதான் போயிருக்கும், மாத்திட்டா சரியாப் பூடும்" என்றேன்.

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் நிறைய இருந்தது. எண்ணெய் பிரஷர் குறைந்தால் லைட்டை எரிய வைக்கும் சுவிட்சைக் கழற்றிப் புதுசை மாட்டினேன். ஸ்டார்ட் செய்தோம். பிரஷர் மீட்டர் முள் நாற்பத்தைந்து பவுண்டில் போய் நின்றது, லைட் அணைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சூசையின் முதுகில் ஒரு தட்டுக்கூடத் தட்டினேன். கலங்கல் பக்கம் போய் நல்ல வேகத்தில் வேலை ஆரம்பித்தது. கால் மணி நேரம் ஆகியிருக்காது, முள் மெல்ல இறங்க ஆரம்பித்தது. நாற்பது, முப்பது, இருபது. பத்துக்குக் கீழே போனதும் லைட் கண் சிமிட்டியது. நான் வாயைத் திறப்பதற்குள் சூசை எஞ்சினை நிறுத்திவிட்டார்.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். லைட்டுக்கு ஒரு வழி, மீட்டருக்கு ஒரு வழி. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பேச்சைப் பேசினால் அது ஒயரிங் கோளாறு இல்லை. என் பையிலிருந்த சோதனை மீட்டரையும் மாட்டினேன். அதுவும் அதையேதான் சொன்னது. எண்ணெய் உண்மையிலேயே எஞ்சினுக்குள் ஏறவில்லை.

ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தோம். மறுபடி ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் கொதிக்கக் கொதிக்க இருக்கிறது, ஆனால் முள் ஜம்மென்று நாற்பதில் நிற்கிறது! பத்து நிமிஷம் ஓடியதும் மறுபடி இறங்கியது. நிறுத்தினால் மறுபடி சரி. எஞ்சினின் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தால் சூட்டில் முள் எழுந்தே இருக்காது. பேரிங் என்ன காய்ச்சல்காரனா, கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் தெம்பாவதற்கு? பம்ப் தேய்ந்திருந்தாலும் இப்படி நடக்காது. உள்ளே ஏதோ ஒன்று எஞ்சின் ஓடும்போது உறிஞ்சுகிற வாயில் போய் ஒட்டிக்கொள்கிறது, நின்றதும் விழுந்துவிடுகிறது.

அது என்னவென்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம். பல பட்டறைகளில் இன்றும் இருக்கும். ஆயுத பூசைக்கு எந்த எஞ்சினும் வாய் திறந்து கிடக்கக் கூடாது. சாமிக்கு முன்னால் பிரித்துப் போட்ட எஞ்சின் ஆகாது என்பார் முதலாளி. அதனால் முதல் நாள் சாயங்காலம் எது எந்த நிலையில் இருந்தாலும் நாலு போல்ட்டைப் போட்டு மூடிவிடுவோம். பூசை முடிந்து, டூல்ஸைத் தொடலாம் என்றானதும் மறுபடி திறந்து மிச்ச வேலையைப் பார்ப்போம். இந்தப் படகு எஞ்சினும் அப்படி மூடியதுதான். எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் தட்டை ஆயில் சேம்பர் என்போம். அதைக் கழுவி முடித்திருந்தேன். மூலையில் ஊறி நின்ற டீசலை இழுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட்டை, துடைக்கிற கழிவுத் துணியை, உள்ளே வைத்திருந்தேன். "மூடு மூடு, பூசைக்கப்பறம் பாத்துக்கலாம்" என்று முதலாளி கத்தினார். மூடினேன். பூசைக்கு மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் என்று கான்ட்ராக்டர் காலையிலேயே லாரியோடு வந்து நின்றார். நான் சேம்பரைத் திறக்கவில்லை. மிச்ச போல்ட்டுகளைப் போட்டு முடுக்கி, எண்ணெய் ஊற்றி ஏற்றிவிட்டேன். துணி ஞாபகமே வரவில்லை. இப்போது ஏரி நடுவில், அந்த முள் இறங்குவதைப் பார்த்தபோது வந்தது.

சூசை என் முகத்தைப் பார்த்தார். "இன்னா நைனா, இன்னா கீது உள்ள?"

"தெர்ல அண்ணாத்தே. சேம்பரத் தொறந்தாத்தான் தெரியும்" என்றேன்.

மத்தியானம் கான்ட்ராக்டர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது, மழை முந்திவிடுமோ என்று அவருக்குப் பதற்றம். கரையில் தாமரையை வாரிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து ஆண்களும் பெண்களும் பார்க்க, சூசையைப் பிடித்துக்கொண்டார்.

"எண்ணெய வித்துத் தின்னுட்டு லைட்டு எரியுதுன்னு கதை உடறியா? திருட்டுப் பய!"

"சார், டிப் ஸ்டிக்க எடுத்துப் பாருங்க சார். நெறையக் கீது" என்றார் சூசை.

"இப்ப ஊத்தி வச்சிருப்ப. எண்ணெய் இல்லாம ஓட்டி எஞ்சினத் தின்னுட்ட. போலீஸ்ல எழுதிக் குடுக்கிறேன் பாரு. பாடியிலருந்து பட்டாபிராம் வரைக்கும் எவன் உனக்கு எஞ்சினு குடுக்கறான்னு பாக்கறேன்!"

அதுதான் விஷயம். அந்த வேலை போனால் வேறு வேலை தேடலாம். எஞ்சினைத் தின்றவன் என்ற பெயர் வந்துவிட்டால் நம் தொழிலில் ஒருவரும் கிட்டே சேர்க்க மாட்டார்கள். சூசைக்கு வேறு தொழில் தெரியாது. நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

கான்ட்ராக்டர் என் பக்கம் திரும்பினார். "அந்த லைட்டு ஒயரப் புடுங்கிப் போடுப்பா. கெட்டி எண்ணெயா ரெண்டு லிட்டர் ஊத்து. மழை வரதுக்குள்ள கலங்கல் காலியாவணும். இவன் வேணாம், வேற ஆள உட்டு ஓட்டிக்கறேன்."

"ஒயரப் புடுங்க மாட்டேன்" என்றேன்.

"நீ இன்னாய்யா புடுங்க மாட்டேன்றது? எஞ்சினு என்னுது!"

"எஞ்சினு உங்களுது, ரிப்பேரு என்னுது. இப்படியே ஓட்டினா ஏரி நடுவுல ஜாம் ஆயிப் பூடும். அப்பறம் மழையில நீஞ்சிப் போய்த்தான் இழுத்துகினு வரணும்."

அவர் அங்கிருந்த ஒரு ஆளைப் பார்த்து, போய் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நான் படகில் ஏறினேன். எஞ்சினுக்கு டீசல் போகும் குழாயின் போல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படகின் விளிம்பில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். "இப்ப ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க" என்றேன். கரையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். கான்ட்ராக்டர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! எங்கேயோ போய் என் முதலாளிக்கு போன் செய்து வரவழைத்தார்.

முதலாளி வந்தார். கான்ட்ராக்டர் சொன்னதையெல்லாம் கேட்டார். என்னைத் தனியாகப் பனை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நடந்ததைச் சொன்னேன். முள் ஏறி இறங்குவதைச் சொன்னபோதே அவருக்கும் புரிந்துவிட்டது. பனியன் வேஸ்ட்டை நான் உள்ளே வைத்தபோது பக்கத்தில் நின்றவர் அவர்.

"தயாளா, தொறக்காத" என்றார் மெதுவாக. "சேம்பர மூடுனது யாருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேரிங் பூட்ச்சின்னு சொல்லு. எஞ்சினத் தூக்கிகினு போயி நம்ம ஷாப்புல வச்சி கமுக்கமா பாத்துக்கலாம். நாலு பேரு முன்னால வேணாம்."

"அப்ப சூசை அண்ணன்?"

"அவன் இன்னா உன் மாமனா மச்சானா? வேற எடத்துல பொழச்சிப்பான்."

இந்த மாதிரி இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எந்த ஐ.டி.ஐ.யிலும் சொல்லித்தர மாட்டார்கள். முதலாளி கெட்டவர் இல்லை. என் கல்யாணத்துக்கு முன்னால் நின்று நடத்தி வைத்தவர். அவர் சொன்னதில் எனக்கும் லாபம். தலையை ஆட்டினால் போதும், சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மூன்று நாளாக அந்த எஞ்சின் உயிரோடு இருப்பதே சூசை ஒவ்வொரு முறையும் நிறுத்தியதால்தான். எஞ்சினைக் காப்பாற்றினவன் திருடன், அதற்குள் துணியை வைத்துத் தைத்தவன் மெக்கானிக்கா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"தொறக்கத்தான் போறேன் மொதலாளி" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கான்ட்ராக்டரிடம் போய், "தொறந்து பாக்கறேன். எண்ணெ இல்லாம ஓட்டியிருந்தா பேரிங் போயிருக்கும். போயிருந்தா நீங்க சொன்னது சரி, இவர இன்னா வேணா பண்ணுங்க. பேரிங் நல்லாக் கீதுன்னா இவரு வேலைல இருப்பாரு. சரியா?" என்றேன். போல்ட் என் பையில் இருந்தது, அவருக்கு வேறு வழி இல்லை. "தொற, தொற. பாத்துடலாம்" என்றார்.

படகைக் கரையோரம் இழுத்துக் கட்டினோம். மூன்று சவுக்குக் கழிகளை நட்டு, செயின் புல்லியை மாட்டி, எஞ்சினைப் படுக்கையிலிருந்து ஒன்றரை அடி தூக்கினோம். சூசையும் நானும் சேற்றுத் தண்ணீரில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினோம். மணி நாலு ஆகியிருந்தது. தூறல் போட ஆரம்பித்தது. யாரும் போகவில்லை.

சேம்பர் இறங்கியது. உறிஞ்சும் குழாயின் வலையைச் சுற்றி, எண்ணெயில் ஊறிய பச்சைப் பனியன் துணி, யாரோ கட்டுப் போட்டு விட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. பேரிங் மூடி ஒன்றைக் கழற்றிக் காட்டினேன். புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

கான்ட்ராக்டர் குனிந்து பார்த்தார். நான் பேசுவதற்குள் என் முதலாளி முந்திக்கொண்டார். "பாத்தீங்களா? டிரைவர் மடியில செருகிகினு கீறானே, அதே துணி. எண்ணெய் ஊத்தறப்ப உள்ள உட்டுட்டான்."

எல்லோரும் சூசையைப் பார்த்தார்கள். அவர் லுங்கி மடிப்பில் ஒரு துண்டு பச்சைப் பனியன் வேஸ்ட் செருகியிருந்தது. எஞ்சினைப் படகில் இறக்கிய அன்று எங்கள் பட்டறை மூட்டையிலிருந்து நானே கொடுத்தது. சூசை அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போல. "நா உடலியே... நா எங்க உட்டேன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"அது என் துணி" என்றேன்.

குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஆயுத பூசைக்கு மொத நாளு சேம்பருக்குள்ள வச்சது நான். எடுக்க மறந்து மூடுனதும் நான். இவரு மட்டும் லைட்டப் பாத்து நிறுத்தாம இருந்திருந்தா உங்க எஞ்சினு மொத நாளே பூட்டிருக்கும் சார். திட்டணும்னா என்னத் திட்டுங்க. திருடன்னு சொன்னீங்களே, அந்த வார்த்தைய இத்தினி பேரு முன்னால திருப்பி எடுத்துக்குங்க."

கான்ட்ராக்டர் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் ஜாதகத்திலேயே அது கிடையாது. "சரி சரி, அவனே ஓட்டட்டும். சீக்கிரம் மூடு" என்றார், அவ்வளவுதான். என் முதலாளி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைலருந்து ஷாப்புக்கு வராத" என்றார்.

"நாளைக்கு எதுக்கு மொதலாளி? இத மூடிட்டு இப்பிடியே போறேன்."

மூடினேன். இந்த முறை பனியன் வேஸ்ட்டைத் தொடவில்லை. கரையில் ஒரு அம்மாவிடம் பழைய வேட்டித்துணி கேட்டு வாங்கி, துடைத்து, துணியை வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் சேம்பரை ஏற்றினேன். எஞ்சினை இறக்கினோம். பையிலிருந்த போல்ட்டைப் போட்டு டீசல் குழாயை மாட்டினேன். சூசை ஸ்டார்ட் செய்தார். முள் நாற்பத்தைந்து.

"ஏறு நைனா, ஓட்டிப் பாப்போம்" என்றார். ஏறினேன். தூறலில் கலங்கல் வரை போனோம், திரும்பினோம், மறுபடி போனோம். அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டியும் முள் நாற்பதை விட்டு இறங்கவில்லை. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்கு வேலை போயிருந்தது, ஆனால் மார்பு நிமிர்ந்திருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். போல்ட்டைப் பையில் போட்டதைச் சொல்வேன், முதலாளி முகத்துக்கு நேரே பேசினதைச் சொல்வேன், கை தட்டலோடு முடித்துவிடுவேன். கேட்டவர்களும் சபாஷ் என்பார்கள். அதற்குப் பிறகு நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஏரி நடுவில் சூசை மீட்டரையே பார்த்துக்கொண்டு கேட்டார். "துணி உள்ள கீதுன்னு உனக்கு எப்பத் தெரியும் நைனா?"

பொய் சொல்லியிருக்கலாம். திறந்தபோதுதான் தெரியும் என்று சொன்னால் நம்பியிருப்பார்.

"காலையிலியே தெரியும் அண்ணாத்தே. ரெண்டாவது வாட்டி ஸ்டார்ட் பண்ணப்பவே."

"அப்ப அந்தாளு என்னத் திருடன்னு சொன்னப்போ, நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்தே?"

"ஆமாண்ணே."

படகைத் திருப்பினார். ஆட்கள் நின்ற கரைக்கு இல்லை, எதிர்க் கரைக்கு. அங்கே முள்வேலியும் மாடு மேயும் பொட்டலும்தான். படகின் மூக்கு மண்ணில் இடித்தது. என் டூல் பாக்ஸைத் தூக்கிக் கரையில் வைத்தார்.

"எறங்கு" என்றார்.

இறங்கினேன். படகு திரும்பிப் போயிற்று. என் சைக்கிள் ஆட்கள் நின்ற கரையில் இருந்தது. டூல் பாக்ஸைத் தோளில் வைத்துக்கொண்டு, மழையில் ஏரியைச் சுற்றி நடந்தேன்.

முதலாளி என்னை வெளியே அனுப்பியதற்காக நான் ஒரு நாளும் தலை குனிந்ததில்லை, இனியும் குனிய மாட்டேன். சூசை என்னை இறக்கிவிட்டதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவர் செய்தது சரி.